ஊருக்கெல்லாம் ஒரே சங்கம் வேண்டுமா?

கேள்வி இது: "எங்கள் நகரத்தில் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் அதிகம். மொழிக்கு ஒரு சங்கம், வழிபாட்டுக்கு ஒரு சங்கம் என்று ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் நாங்கள் பத்துப் பேர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சேவை அமைப்பு தொடங்க நினைக்கிறோம். இந்த மாதிரி அமைப்புகளில் எது நிலைக்கிறது, எது காணாமல் போகிறது? எங்கே தொடங்குவது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய அமைப்பு வேண்டாம், குறைந்தது ஒரு வருடத்துக்கு. ஏற்கெனவே கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒரு சின்னச் சங்கத்தைத் தேடிப் பிடியுங்கள். அங்கே யாரும் செய்ய முன்வராத ஒரு வேலையை எடுத்துக்கொண்டு வாரம் தவறாமல் செய்யுங்கள். இப்படிச் சொன்னால் மாணவர்களுக்கு முகம் சுருங்கிவிடும் என்று தெரியும். பல வருடம் சங்கங்களின் செயற்குழுக்களில் உட்கார்ந்து எழுந்தவன் என்பதால் சொல்கிறேன். இந்த விஷயத்துக்கு நூற்று நாற்பது வருடக் கதை ஒன்றும் இருக்கிறது.

1884இல் சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியட்டாவும் லண்டனின் கிழக்குப் பகுதியான வைட்சாப்பலில் டாய்ன்பீ ஹாலைத் தொடங்கினார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஏழைகள் வாழும் தெருவிலேயே வந்து தங்கி வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அன்றைய வைட்சாப்பலில் ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள், ரஷ்யப் பேரரசிலிருந்து ஓடிவந்த யூதர்கள் குவிந்துகொண்டிருந்தார்கள். மாணவர்கள் கொண்டுபோன சரக்கு என்ன? சொற்பொழிவு, ஓவியக் கண்காட்சி, இலக்கிய வகுப்பு. ஓவியக் கண்காட்சியிலிருந்து 1901இல் வைட்சாப்பல் கலைக்கூடம் பிறந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தெருக்காரர்கள் தாங்களாகத் தேடி வந்தது வேறொன்றுக்கு. 1898இல் அங்கே ஏழைகளுக்கு இலவசச் சட்ட ஆலோசனை ஆரம்பித்தார்கள். வாடகைத் தகராறு, கூலி பாக்கி மாதிரியான விவகாரங்கள். அந்த வேலை இன்றும் அங்கே நடக்கிறது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே தங்கியவர்களில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ், இன்னொருவர் கிளமெண்ட் அட்லி. 1942இல் பெவரிட்ஜ் எழுதிய அறிக்கைதான் பிரிட்டனின் சமூகக் காப்பீட்டுக்கு அடிப்படை. 1945இல் பிரதமரான அட்லியின் அரசுதான் அதைச் சட்டமாக்கியது. சேவை செய்யப் போகிற மாணவர், கொடுப்பதைவிட வாங்குவதே அதிகம் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. அதில் தப்பும் இல்லை. ஆனால் வாங்கப் போகிறோம் என்று தெரிந்து போகிறவர் கொஞ்சம் அடக்கத்தோடு போவார்.

டாய்ன்பீ ஹாலை நேரில் பார்த்துவிட்டுப் போன ஜேன் ஆடம்ஸ், தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் 1889இல் சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். இதில் கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் நீங்கள் செய்யப்போகிற தவறுகள் எல்லாவற்றையும் அவர்கள் உங்களுக்கு முன்னாலேயே செய்து பார்த்துவிட்டார்கள்.

சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், யூதர், ஜெர்மானியர், போஹீமியர் என்று ஏகப்பட்ட பேர். ஏழைகள் சத்தில்லாமல் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்து, விஞ்ஞான முறைப்படி சத்துணவு சமைத்து மலிவாக விற்க ஒரு பொதுச் சமையலறை திறந்தார்கள். பாஸ்டனில் அப்படி ஒன்று இருந்தது, அதைப் பார்த்துக் கற்றுவந்து செய்தார்கள். விற்பனை எதிர்பார்த்தபடி ஏறவே இல்லை. சத்தானதுதான், ஆனால் எனக்குப் பிடித்ததைத்தான் நான் சாப்பிடுவேன் என்று ஒரு பெண்மணி சொன்னதை ஆடம்ஸே பின்னால் எழுதி வைத்தார். பல நாட்டுக்காரர்களின் நாக்கு பல விதம் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அவர்மீது மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். தோற்ற திட்டத்தை ஆண்டறிக்கையில் வெற்றி என்று எழுதுகிற செயலாளர்கள் நிறையப் பேரைப் பார்த்தாகிவிட்டது.

அதே தெருவில் குப்பை அள்ளுவது பெரிய பிரச்சினை. மரப்பெட்டிகளில் குப்பை மாதக்கணக்கில் கிடந்து அழுகும், பிள்ளைகள் அதன்மேல் விளையாடும். ஹல் ஹவுஸ் பெண்கள் சந்து சந்தாகப் போய்ப் பார்த்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிமீறல்களை எழுதி நகராட்சிக்குக் கொடுத்தார்கள். பலன் அதிகம் இல்லை. கடைசியில் அந்த வட்டாரத்தின் குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கே ஆடம்ஸ் விண்ணப்பம் போட்டார். ஏதோ நடைமுறைக் காரணம் சொல்லி அதைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் விஷயம் ஊரெங்கும் பேச்சாகிவிட்டதால் 1895இல் மேயர் அவரையே குப்பை ஆய்வாளராக நியமித்தார். காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே போய், ஒழுங்காக அள்ளிக் கொட்டுகிறார்களா என்று பார்த்தார். அதே 1895இல் இன்னொன்றும் செய்தார்கள். வீடுவீடாகக் கணக்கெடுத்து, எந்தக் கட்டடத்தில் எந்த நாட்டார் இருக்கிறார்கள், வாரக் கூலி எவ்வளவு என்று நிறம் தீட்டிய வரைபடங்களாக வெளியிட்டார்கள். ஒரு சதுர மைலில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குள் 18 நாட்டார் இருந்தார்கள்.

சமையலறை ஏன் தோற்றது, குப்பை வேலை ஏன் ஜெயித்தது? குப்பை எல்லா மொழிக்காரர் வாசலிலும் நாறியது. அதைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே புலம்பிக்கொண்டிருந்தார்கள். உணவைப் பற்றி அவர்கள் யாரும் புலம்பவில்லை, ஹல் ஹவுஸ்காரர்கள்தான் கவலைப்பட்டார்கள். 'எல்லோருக்கும் பொது' என்று நீங்கள் தேடுவது குப்பை, வாடகை, பேருந்து, பள்ளிச் சேர்க்கை, விசா, மருத்துவமனை இந்த ரகத்தில் கிடைக்கும். பண்பாட்டில் தேடினால் ஆளுக்கு ஒரு மேடை, ஆளுக்குப் பத்து நிமிடம், கடைசியில் சாப்பாடு என்று ஒரு விழாதான் கிடைக்கும். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. விழா முடிந்த மறுநாள் காலையில் உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, ஏன் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்கிறேன்? மாணவர் அமைப்பின் ஆயுள் மூன்று நான்கு வருடம். முதல் வருடம் கற்றுக்கொள்வீர்கள், இரண்டாவது வருடம் ஓடுவீர்கள், மூன்றாவது வருடம் தேர்வும் வேலை தேடுவதும் வந்துவிடும். தேர்வு மாதத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். விடுமுறையில் ஊருக்குப் போய்விடுவார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு குடும்பத்துக்கு அறிவிப்பு வருவது பருவத் தேர்வைப் பார்த்து வருவதில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் இன்டர்நேஷனல் ஹோட்டல் என்று ஒரு பழைய கட்டடம் இருந்தது. இளமையில் பண்ணைகளிலும் கப்பல்களிலும் உழைத்துத் தனியாகவே வயதாகிப்போன பிலிப்பைன்ஸ்காரர்களும் சீனர்களும் அதில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தார்கள். 1968இல் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வந்தது. சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் சிறுபான்மை மாணவர்களின் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியதும் அந்த வருடம்தான். நவம்பர் 6 அன்று தொடங்கி மறு வருடம் மார்ச் வரை நீடித்து, அந்தக் கல்லூரியில் இனவியல் படிப்புகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவை உருவாக்கிய போராட்டம் அது. அந்த மாணவர்களும் பெர்க்லி மாணவர்களும் ஹோட்டலுக்கு வந்து அறைகளுக்கு வெள்ளையடித்தார்கள், குழாய்களைப் பழுது பார்த்தார்கள், முதியவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். ஒன்பது வருடம் தாக்குப்பிடித்தார்கள். 1977 ஆகஸ்ட் 4 அன்று விடியற்காலையில் போலீஸ் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்து நின்றார்கள். ஆனாலும் முதியவர்களை வெளியேற்றிவிட்டார்கள், கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த இடம் வெறும் பள்ளமாகவே கிடந்தது. 2005இல் அதே இடத்தில் முதியோருக்கான வீடுகள் திறந்தன.

1968க்கும் 2005க்கும் இடையே 37 வருடம். ஒரு மாணவர் அமைப்பு மட்டும் இதைச் சுமந்திருக்க முடியுமா? முடியாது. அந்த வட்டாரத்திலேயே தங்கிவிட்டவர்களும் அவர்கள் கட்டிய குடியிருப்போர் சங்கமும் வட்டார அமைப்புகளும்தான் சுமந்தன. அதே சமயம், அந்த முதியவர்களால் மட்டும் தனியாக ஒன்பது வருடம் தள்ளியிருக்கவும் முடியாது. இரண்டு கையும் வேண்டியிருந்தது.

இப்போது சமூகச் சங்கங்களின் பக்கம். இவர்களையும் புனிதர்களாக்க வேண்டாம். சங்கம் தொடங்கியவரே இருபது வருடம் தலைவர். பொதுக்குழுவில் அதே முப்பது பேர். இளைஞர் அணி என்று ஒன்று இருக்கும், அதன் வேலை நாற்காலி போடுவது. பெண்கள் அணியின் வேலை சொல்லவே வேண்டாம். புதிதாக வந்த அகதியைவிட, வந்து முப்பது வருடம் ஆனவரின் கவுரவம்தான் அங்கே முக்கியம்.

லண்டனின் சவுத்தால் பகுதியில் இது வெளிப்படையாகவே வெடித்தது. 1976 ஜூன் 4 அன்று குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயது மாணவர் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். பெரியவர்கள் வழக்கம்போலக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள் என்று பொறுமையிழந்த இளைஞர்கள் தனியாக சவுத்தால் இளைஞர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். மூன்று வருடம் கழித்து, 1979இல், பெண்கள் தங்களுக்கென்று சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் நடக்கும் வன்முறையைப் பற்றிச் சமூகத் தலைவர்கள் பேசுவார்கள், வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். அந்த இடைவெளியில் பிறந்த அமைப்பு அது.

இந்த அமைப்பின் கதையில் உங்கள் கேள்விக்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. 2008க்கு முன்பாக, சவுத்தால் அடங்கிய ஈலிங் நகர மன்றம் ஒரு முடிவு எடுத்தது. குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்குத் தனித்தனி அமைப்புகள் எதற்கு, எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக ஒரே சேவைக்கு நிதி தருவோம் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் 'பொது' கதவுக்குள் ஆங்கிலம் தெரியாத, விசா கணவன் கையில் இருக்கிற, வீட்டை விட்டு வெளியே வந்தால் இனத்தாரே ஒதுக்கிவிடுகிற ஒரு பெண் நுழையமாட்டாள். அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. விசாரணையின் நடுவிலேயே மன்றம் பின்வாங்கியது. சிறுபான்மையினருக்கென்று தனிச்சேவை நடத்துவது சமத்துவத்துக்கு எதிரானது இல்லை என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. எல்லோருக்கும் ஒரே கதவு என்பது, ஏற்கெனவே கதவைத் தட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும் திறக்கிற கதவாக ஆகிவிடலாம். ஆகவே சிறிய, தனித்தனிச் சங்கங்களைப் பார்த்து 'பிரிவினை' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். பத்துச் சின்னக் கதவுகளுக்கு நடுவே ஓடுகிற ஆளாக இருங்கள். அது மாணவர்களுக்கு நன்றாக வரும், ஏனென்றால் எந்தச் சங்கத்தின் பழைய கோஷ்டியிலும் நீங்கள் இல்லை.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வங்காளிகளுக்கு வங்காளத்தில் துண்டறிக்கை போட்டால் போதும் என்று நினைப்போம். கிழக்கு லண்டனில் குடியேறிய வங்கதேசத்தவரில் பெரும்பாலோர் சில்ஹெட் பகுதிக்காரர்கள். வீட்டில் பேசுவது சில்ஹெட்டி, அச்சில் வருவது வேறு வங்காளம். நமக்கும் இது புரியாத விஷயமா என்ன? 'கதைக்கிறவர்' ஒருவருக்கும் 'பேசுகிறவர்' ஒருவருக்கும் ஒரே அரசாங்கப் படிவத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு பேரும் ஆங்கிலப் படிவத்தையே கேட்பார்கள். எழுத்து வாசிக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் துண்டறிக்கையால் பயன் இல்லை, தொலைபேசியில் ஒரு குரல் போதும். ஆஸ்திரேலியா 1973இலேயே தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. உங்கள் நகரத்தில் மருத்துவமனையும் நீதிமன்றமும் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டிய விதி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தும் கேட்கத் தெரியாமல் இருப்பவர்களே அதிகம். 'மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்ற ஒரு வரியை அவரவர் மொழியிலும் அதிகாரியின் மொழியிலும் சின்ன அட்டையில் அச்சடித்துக் கொடுப்பது, பத்துப் பேர் ஒரு மாலையில் முடிக்கிற வேலை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இரண்டு மொழி தெரிந்த மாணவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடமாட்டார். பள்ளிக் கூட்டத்துக்கு, வங்கிக்குத் துணைக்குப் போகலாம். நோய், குற்றவழக்கு, அகதி மனு என்றால் பயிற்சி பெற்றவர்தான். பெற்றோருக்குப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கிற காட்சி எல்லாக் குடியேறி வீடுகளிலும் உண்டு. தாயின் புற்றுநோயைத் தாய்க்கே சொல்ல வேண்டிய நிலையில் அந்தப் பிள்ளையை விடக் கூடாது. அந்த இடத்தில் இன்னொரு பத்தொன்பது வயதுப் பிள்ளையை, அதாவது உங்களை, உட்கார வைப்பதும் சரியில்லை.

தொண்டர் மணிநேரத்தைப் பற்றியும் கொஞ்சம். இந்தியாவில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணிநேரம், ஒரு வாரச் சிறப்பு முகாம். கனடாவின் ஒன்டாரியோவில் பள்ளி முடிக்க 40 மணிநேரச் சமூகப் பணி கட்டாயம். இவை பழக்கத்தை உண்டாக்கும், நல்லதுதான். ஆனால் மணிநேரத்தை நிரப்ப வருகிறவர்களால் சங்கத்துக்குச் சுமையும் உண்டு. ஐந்து மணிநேரம் தருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க யாரோ மூன்று மணிநேரம் செலவழிக்கிறார். 1968இல் இவான் இல்லிச் என்ற பாதிரியார், மெக்சிகோவில் கோடைகாலச் சேவை செய்யும் அமெரிக்க மாணவர்களின் முகத்துக்கு நேராகவே, உதவி செய்ய வராதீர்கள் என்றார். சேவை செய்தே தீர வேண்டுமென்றால், உங்களைப் பார்த்து 'போய்யா வேலையைப் பார்த்துக்கொண்டு' என்று சொல்லக்கூடிய ஏழைகளிடம் போங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். கடுமையான பேச்சு, முழுக்க ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. அந்த ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். உங்கள் மேசைக்கு வருகிறவர் 'இது எனக்குச் சரிப்படாது' என்று சொல்ல முடிகிறதா? மொழி தெரிந்த, அந்தத் தெருவிலேயே இருக்கிற சங்கத்துக்காரர் பக்கத்தில் இருந்தால் சொல்வார். உங்கள் பத்துப் பேர் மட்டும் இருந்தால் சிரித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, திரும்ப வரமாட்டார்.

பணம். ஹல் ஹவுஸின் பெயரில் நடந்த சங்கம் 122 வருடத்துக்குப் பிறகு 2012 ஜனவரியில் மூடப்பட்டது. வருமானத்தின் பெரும்பகுதி அரசு நிதி. அது குறைந்தபோது தாங்கவில்லை. 1939இல் சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில் சால் அலின்ஸ்கியும் ஜோசப் மீகனும் வேறு வழியில் போனார்கள். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த போலந்து, லிதுவேனிய, ஐரிஷ் தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே மன்றத்தில் உட்கார வைத்தார்கள். உறுப்பு அமைப்புகளே சந்தா கட்டும் இந்த முறையில்தான் 1996இல் கிழக்கு லண்டனில் ஒரு கூட்டணி உருவாகி, தேவாலயமும் மசூதியும் பள்ளியும் சேர்ந்து 2001இல் வாழ்வதற்குப் போதுமான ஊதியம் கேட்டு இயக்கம் நடத்தின. அந்த வட்டாரத்துக் குயின் மேரி பல்கலைக்கழகம் 2006இல் துப்புரவாளர்களுக்கு அந்த ஊதியத்தை ஏற்றது. சந்தா சின்னத் தொகையாக இருந்தாலும் கட்டியவருக்குக் கேள்வி கேட்கிற உரிமை வந்துவிடுகிறது, அதுதான் அதன் பலன். நீங்கள் பத்துப் பேரும் சேருகிற சங்கத்தில் சந்தா கட்டிவிடுங்கள்.

சரி, என்ன வேலை? நான் சொல்வது படிவ மேசை. வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணிநேரம், ஒரே இடம், ஒரே நேரம். யார் வந்தாலும் கடிதத்தைப் படித்து என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வது, படிவம் நிரப்ப உதவுவது, மேலே போக வேண்டியதைச் சரியான வழக்கறிஞரிடமோ அலுவலகத்திடமோ அனுப்புவது. சட்ட ஆலோசனை சொல்ல வேண்டாம், அதற்கு உரிமம் வேண்டும். வந்தவர் பெயரையும் ஆவணப் படத்தையும் உங்கள் சொந்தக் கைபேசியில் வைத்திருக்காதீர்கள். விசா நிலைமை என்ன என்று, அந்த வேலைக்குத் தேவைப்பட்டாலொழியக் கேட்காதீர்கள். படம் எடுத்துப் போடாதீர்கள்.

ஒரு நோட்டு வையுங்கள். வந்தவர் பெயர் இல்லாமல், என்ன பிரச்சினை, எங்கே அனுப்பினோம், என்ன ஆனது என்று மட்டும். ஆறு மாதத்தில் அதில் ஒரு வரிசை தெரியும். ஒரே வீட்டுக்காரரைப் பற்றிப் பதினைந்து புகார், ஒரே பள்ளியில் சேர்க்கை மறுப்பு, இப்படி. சிகாகோ பெண்கள் வீடுவீடாகப் போய்த் திரட்டியது உங்களுக்கு மேசைக்கே வந்து சேரும். அப்போது சங்கத்தின் பெயரில், சங்கத்துக்காரரை முன்னால் நிறுத்தி, நகர மன்றத்துக்குப் போங்கள். அடுத்த வருட மாணவர்களுக்கு ஒப்படைக்க வேண்டியதும் அந்த நோட்டுதான். பழையவரும் புதியவரும் இரண்டு மாதமாவது ஒரே மேசையில் சேர்ந்து உட்கார வேண்டும், பொறுப்பு மாற்றத்தைக் கடைசித் தேர்வுக்கு அப்புறம் வைத்தால் கைமாற்ற ஆள் இருக்காது.

பதிலுக்குச் சங்கத்திடம் நீங்களும் ஒன்று கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம். செயற்குழுவில் மாணவர்களுக்கு இரண்டு இடம், வோட்டோடு. 'பார்வையாளராக வாருங்கள் தம்பி' என்று சொன்னால் அடுத்த சங்கத்தைப் பாருங்கள்.

எந்தச் சங்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? விழா நாளில் போகாதீர்கள், அன்று எல்லாச் சங்கமும் உயிரோடுதான் இருக்கும். மழை பெய்கிற ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். கதவு திறந்திருக்கிறதா, உள்ளே யாராவது ஒரு வயதான அம்மாவோ புதிதாக வந்த பையனோ காத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவரிடம் போய்ப் பேசுங்கள். தலைவரை அப்புறம் பார்க்கலாம்.